பத்தாம் அத்தியாயம்

செல்னெஸ் பண்ணை
ஜனவரி 6, 1983

அன்புள்ள சிக்னி அக்காவுக்கு,

சோல்வி எழுதுவது. நான் நலம். ஆடுகள் என்னைவிட நலம். அவற்றுக்கு யாரும் புத்தகம் அனுப்புவதில்லை.

கோபமாக இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 'வடகடல் மாலுமிகள்' வரிசையில் ஒரு தொகுதி அனுப்புவாய். போன வருடம் ஆறாவது வந்தது. இந்த வருடம் ஏழாவதை எதிர்பார்த்து, இருபத்து நான்காம் தேதி வானொலியில் ஆறு மணிக்குத் தேவாலய மணி அடித்ததும் புகைபோட்ட ஆட்டுக்கறியைச் சாப்பிட்டு, கை கழுவி, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்சலைப் பிரித்தேன். உள்ளே 'கவலைக்கு ஒரு நாற்காலி'. அதன் கீழே சின்ன எழுத்தில், நம்மோடும் நம்மவர்களோடும் நிம்மதியாக வாழும் வழிகள். டென்மார்க்கில் யாரோ ஒரு மனநல மருத்துவர் அம்மா எழுதியதாம்.

எனக்கு என்ன கவலை? நான் யாரோடு நிம்மதியில்லாமல் வாழ்கிறேன்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கெஸ்டுரோடு பேச்சுவார்த்தை இல்லை, அது உண்மை. கெஸ்டுரோடு பேசாமல் இருப்பதே ஒரு நிம்மதி.

தொலைபேசியில் கூப்பிட்டே கேட்டிருப்பேன். ஆனால் இங்கே எல்லாப் பண்ணைக்கும் ஒரே கம்பி. ஒரு வீட்டில் மணி அடித்தால் எல்லா வீட்டிலும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். "சோல்விக்கு அவங்க அக்கா பைத்தியத்துக்குப் புத்தகம் அனுப்பிச்சிருக்காளாம்" என்று கெஸ்டுரின் மனைவி பெட்ரீனா அன்றைக்கே ஊர் முழுக்கப் பரப்பியிருப்பாள். உங்கள் தலைநகரில் பிடிக்காத புத்தகத்தைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இங்கே இருக்கிற ஒரே கடையில் மாவும் ஆணியும்தான் கிடைக்கும்.

உன் மகள் ஊனாவும் குழந்தையும் ஸ்வீடனிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்தார்களா? குட்டி ஸ்வாவா இப்போது நன்றாகப் பேசுகிறாளா?

இப்படிக்கு, கோபம் பாதி ஆறிய தம்பி,
சோல்வி

ரெய்க்யவிக்
ஜனவரி 24

அன்புத் தம்பி சோல்விக்கு,

நான் நலமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே தகவல் சொல்கிறது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை அதிகம். ஜுரக்காலம், படுக்கைத் துணி மலையாகக் குவிகிறது.

புத்தகத்துக்காகக் கோபப்படாதே. உன்னைக் குறை சொல்லி அனுப்பவில்லை. கடையில் கூட்டம், அவசரத்தில் கட்டியது. ஏழாம் தொகுதி அடுத்த முறை நிச்சயம்.

இங்கே கிறிஸ்துமஸ் அமைதியாகக் கழிந்தது. இருபத்து மூன்றாம் தேதி மாடி வீட்டுக்காரர்கள் வழக்கப்படி திருக்கை மீன் வேகவைத்த நாற்றம் இன்னும் என் திரைச்சீலையை விட்டுப் போகவில்லை. நானும் ஒரு புத்தகம் படித்தேன். பனிக்கட்டிக்குள் சிக்கிய கப்பலில் ஒரு சமையல்காரன், இன்றும் ஒரு நாள் விடிந்தது என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே தினமும் ரொட்டி சுடுகிறான். மாவு தீர்ந்த பிறகும் அடுப்பைப் பற்ற வைக்கிறான். படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன், ஏன் என்றே தெரியவில்லை.

சரி, விளையாட்டுக்குக் கேட்கிறேன். அந்தப் புத்தகத்தில் நாற்காலி என்றால் என்ன நாற்காலி? அதில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டுமாம்? நேரம் கெட்ட நேரத்தில் கவலை வந்தால் என்ன செய்யச் சொல்கிறாள் அந்த அம்மா? உனக்குப் பொழுது போகாதபோது எழுது.

உன் அக்கா,
சிக்னி

செல்னெஸ்
பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி? இங்கே ஒரு வாரமாகப் பனிப்புயல். தபால் விமானம் ஒருமுறை வந்து, தலைக்கு மேலே சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது.

நீ கேட்டதற்காக எழுதுகிறேன், எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. முதல் அத்தியாயம் இதுதான். வீட்டில் ஒரு நாற்காலியைக் கவலைக்கென்று ஒதுக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் கால் மணி நேரம் அதில் உட்கார்ந்து கவலைப்பட வேண்டும், வேறு எதுவும் செய்யக் கூடாது. மற்ற நேரத்தில் கவலை வந்தால், "சாயங்காலம் வா, இப்ப வேலை இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். வரிவசூல்காரனிடம் பேசுகிற மாதிரி.

நான் ஆட்டுக்கொட்டகையில் இருக்கிற முக்காலியை ஒதுக்கினேன். முதல் நாள் உட்கார்ந்ததும் எல்லா ஆடுகளும் திரும்பிப் பார்த்தன. வைக்கோல் போடாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனை அவை பார்த்ததே இல்லை. வைக்கோல் மே மாதம் வரை வருமா என்று கவலைப்பட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கவலை தீர்ந்துபோய், அடுத்து எதைப் பற்றிக் கவலைப்படுவது என்று தேட வேண்டியதாயிற்று. உனக்கு மட்டும் சொல்கிறேன், அன்றிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன்.

இரண்டாம் அத்தியாயம், கவலைகளை இரண்டாகப் பிரிப்பது. என் கையில் இருப்பவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம். எனக்கு எல்லாமே வானிலை என்று முடிந்தது.

ஊனாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

தம்பி,
சோல்வி

ரெய்க்யவிக்
பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் ஆடுகளும் நலம்தானே. ஊனா நன்றாக இருக்கிறாள், அவளுக்கு அவள் வேலை.

முக்காலிக் கதையைச் சலவைக்கூடத்தில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் தனியாக வந்து விசாரித்தாள். பெயர் எழுத வேண்டாம் என்றாள். அவள் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு, வேலை முடிந்து வந்ததும் அதில்தான் உட்காருவாளாம். அதைத்தான் கவலைக்கு ஒதுக்கினாள். அது தப்பு என்று இரண்டே நாளில் புரிந்துவிட்டது. இப்போது நாற்காலியைத் துணி உலர்த்துகிற அறையில் போட்டிருக்கிறாள். பரவாயில்லை என்கிறாள்.

அவளுக்கு வளர்ந்த மகள் ஒருத்தி வெளிநாட்டில் இருக்கிறாள். இவள் கூப்பிடும்போதெல்லாம் எச்சரிக்கைதான். ஜன்னல் தாழ்ப்பாளைப் பார், குழந்தை காதில் காற்றுப் படாமல் பார், மாப்பிள்ளை வேலை நிலைக்குமா பார். போன இலையுதிர்காலத்தில் மகள் சொன்னாளாம், "அம்மா, நீ போனை வச்சப்புறம் ரெண்டு நாளைக்கு எனக்குத் தூக்கம் வர்றதில்ல. இனிமே நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் நீ கூப்பிடாத." அதன் பிறகு மகள் கூப்பிடவே இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் ஏதாவது இருக்கிறதா? அவளுக்காகத்தான் கேட்கிறேன். சீக்கிரம் எழுது.

சிக்னி

செல்னெஸ்
மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஒரு செய்தி இருக்கிறது, கொஞ்சம் பொறு. முதலில் உன் கூட வேலை செய்கிறவளுக்கு.

நான்காம் அத்தியாயம் முழுக்க வளர்ந்த பிள்ளைகளைப் பற்றித்தான். நான் மேலோட்டமாகப் புரட்டியிருந்தேன். அவளுக்காகத் திரும்பிப் போய்ப் படித்தேன். அறிவுரை வாய்க்கு வந்தால், அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். அந்தக் கேள்விக்குள்ளும் அறிவுரை ஒளிந்திருந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம். "தாழ்ப்பாள் போட்டியா?" என்பது கேள்வி இல்லை. ஐந்தாம் அத்தியாயம் மன்னிப்புக் கேட்பது. 'ஆனால்' என்ற சொல் இல்லாமல் கேட்க வேண்டும். 'நான் செய்தது தப்புதான், ஆனால் உன் நல்லதுக்குத்தான்' என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதச் சொல்.

இப்போது என் செய்தி. மூன்றாம் அத்தியாயத்தை கெஸ்டுர் மேல் சோதித்துப் பார்த்தேன். கடலில் மிதந்து வந்து எங்கள் எல்லைக்கரையில் ஒதுங்கிய அந்த சைபீரிய மரம் உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் எடுக்கக் கூடாது என்று நானும், நான் எடுக்கக் கூடாது என்று அவனும் விட்டுவைத்து, இத்தனை வருடமாகக் கடற்பறவைகளுக்குக் கழிப்பறையாகக் கிடந்தது. புத்தகம் சொல்கிறது, எதிராளியின் நியாயத்தை அவன் 'ஆமாம்' என்று ஒப்புக்கொள்கிற வரை நீயே எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு நீளம் இரண்டு குட்டை என்று தொலைபேசியைச் சுழற்றினேன். அது கெஸ்டுர் வீட்டு மணி.

"யாரு செத்துட்டா?" என்றான்.

"யாரும் சாகல. மரத்தப் பத்திப் பேசணும்."

கம்பியில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீட்டிலும் எடுக்கிறார்கள்.

"இத்தன வருஷம் பேசாதவன் இன்னைக்கு என்னய்யா பேசப்போற?"

"உன் நியாயத்த நான் சொல்றேன். சரியான்னு நீ சொல்லு."

"என் நியாயத்த நீ சொல்றியா? குடிச்சிருக்கியா?"

"மரம் ஒதுங்கினப்ப வேர்ப்பக்கம் உன் எல்லையில இருந்துச்சு. நீ கயிறு எடுக்க வீட்டுக்குப் போன. திரும்பி வந்து பார்த்தா நான் கோடாலியால என் அடையாளத்த வெட்டிக்கிட்டு இருந்தேன். நீ இல்லாத நேரம் பார்த்து செஞ்சேன்னு உனக்குத் தோணுச்சு. உனக்கு வலிச்சது அதுதான், மரம் போனது இல்ல."

அப்போது கடைக்கோடிப் பண்ணைக் கிழவியின் குரல் நடுவில் புகுந்தது. "அதேதான். அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து அதையேதான் சொல்லிப் பொலம்பினான்."

"நீங்க போன வைங்க, அவங்க பேசட்டும்" என்றாள் பெட்ரீனா. அவளும் கொட்டகையில் இருக்கிற இன்னொரு தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ மொதல்ல வை, நான் வைக்கிறேன்" என்றாள் கிழவி.

கெஸ்டுர் தொண்டையைக் கனைத்தான். "ஆமா" என்றான். "அதான்." பிறகு, "ரம்பம் உன்கிட்ட இருக்கா, நான் கொண்டு வரணுமா?" என்றான்.

மரத்தை இரண்டாக அறுத்தோம். உள்ளே இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. அவன் வீட்டில் காபி குடித்தேன், பெட்ரீனா இனிப்பு ரொட்டியை அடுக்கிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்தபோதுதான் இந்த வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது.

தம்பி,
சோல்வி

செல்னெஸ்
ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். விமானம் நிற்கிறது, அதனால் சுருக்கமாக. ஆறாம் அத்தியாயம், நடப்பதும் மூச்சு விடுவதும். இரண்டும் எனக்கு முன்பே தெரியும். ஏழாம் அத்தியாயம் காத்திருப்பது. நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மற்றவருக்கு நேரம் விட வேண்டும் என்கிறது. கெஸ்டுர் அவனுடைய 'வடகடல் மாலுமிகள்' ஏழாம் தொகுதியைப் படிக்கக் கொடுத்தான். இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

சோல்வி

ரெய்க்யவிக்
மே 8

அன்புத் தம்பிக்கு,

இரண்டு முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், அதனால்தான் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆடுகள் குட்டி போடுகிற நேரம், இதைப் படிக்க உனக்கு நேரம் இருக்காது.

அந்தப் பெண் எழுதிவிட்டாள். 'ஆனால்' வந்த தாள்களை எல்லாம் கிழித்துப் போட்டாள், வாளி நிறைந்தது. கடைசியில் சின்னதாக ஒரு மன்னிப்புக் கடிதம் மகளுக்குப் போனது. மார்ச் மாதக் கடைசியில் போட்டது. பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை காலை வரை அவள் யாரோடும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெந்நீர்க் குளத்துக்குப் போய்க் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்பாள். யாராவது "இன்னைக்குக் காத்து இல்ல" என்று அவள் பக்கம் திரும்பிச் சொன்னால், "ஆமாம், இல்ல" என்று சொல்வாள். போன ஞாயிறு முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

புத்தகம் எல்லாம் பொய் என்கிறாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் அத்தியாயத்துக்குப் பிறகு ஏதாவது இருக்கிறதா, சோல்வி? காத்திருப்பதோடு முடிந்துவிடுகிறது என்றால் அதையும் சொல்லிவிடு.

சிக்னி

செல்னெஸ்
மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டாம் அத்தியாயம் இருக்கிறது.

ஒரு கையில் பால்புட்டியும் மடியில் தாயில்லாத குட்டியுமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். விமானி இன்னும் புறப்படவில்லை, கெஸ்டுர் ஓடிப்போய்க் கொடுப்பான்.

எட்டாம் அத்தியாயம் இப்படிச் சொல்கிறது. குட்டியோடு மந்தையை விட்டுப் போன ஆட்டைத் துரத்தக் கூடாது. துரத்தினால் பாறைமேல் ஏறிவிடும். அதன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் உன் வேலையைச் செய்துகொண்டிரு. பின்னிக்கொண்டிரு, கத்தியைத் தீட்டிக்கொண்டிரு. நீ அங்கே இருக்கிறாய் என்று மட்டும் அதற்குத் தெரிந்தால் போதும்.

ஆகவே அந்தப் பெண் வாரத்துக்கு ஒரு தபால் அட்டை எழுத வேண்டும். அன்று கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் எழுத வேண்டும். கேள்வி கூடாது, அறிவுரை கூடாது, எப்போது பதில் எழுதுவாய் என்று கேட்கவே கூடாது. மூன்று நான்கு வரி போதும். பேரக்குழந்தைக்குப் புரிகிற மாதிரி எழுதினால் இன்னும் நல்லது. பதில் வருகிறதா என்று எண்ணக் கூடாது. இலையுதிர்காலம் வரை விடாமல் செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உனக்கும் எழுதலாம், நீ எனக்கும் எழுதலாம். அது புத்தகத்தில் இல்லை, நான் சொல்வது.

உன் தம்பி,
சோல்வி

ரெய்க்யவிக்
ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

நீயும் குட்டிகளும் நலமா? தாயில்லாத குட்டி பிழைத்ததா? நீ எழுதாமல் விட்டுவிட்டாய். இங்கே நல்ல வெயில், சலவைக்கூடத்து ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருக்கிறோம்.

அந்தப் பெண் ஒவ்வொரு வாரமும் அட்டை போடுகிறாள். முதலில் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. இத்தனை வருடம் எதைப் பார்த்தாலும் அதில் ஆபத்து எங்கே என்று மட்டும் பார்த்த கண். ஒரு வாரம் படுக்கைவிரிப்பு ஒன்று காற்றில் பறந்து ஏரி வாத்துக்கு மேலே போய் விழுந்ததை எழுதினாள். ஒரு வாரம், மருத்துவமனைக் கூரையில் உட்கார்ந்திருந்த கடற்காகம் பெரிய டாக்டரின் கையிலிருந்த ரொட்டியைப் பறித்துக்கொண்டு போனதை எழுதினாள். டாக்டர் கெட்ட வார்த்தை சொன்னதையும் எழுதினாள்.

நேற்று ஒரு உறை வந்தது. கடிதம் இல்லை. உள்ளே ஒரு தாளில் கறுப்புப் பென்சிலால் ஒரு பறவை, அதன் வாயில் வீடு அளவுக்கு ஒரு ரொட்டி. வேறு எதுவுமே இல்லை. உறைமேல் இருந்த முகவரி ஊனாவின் கையெழுத்து.

பெயரை எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை, இருக்கட்டும்.

நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாடி வீட்டுக்காரர் வந்து, "என்னம்மா, உடம்பு முடியலையா?" என்று கேட்டார். "என் பேத்தி படம் வரைஞ்சு அனுப்பியிருக்கா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைத்தார்.

சோல்வி, டென்மார்க் டாக்டர் அம்மாவுக்கு ஆடுகளைப் பற்றி எப்படி இவ்வளவு தெரியும்? அவள் அப்பா ஆடு வளர்த்தாரோ? ஒன்பதாம் அத்தியாயம் இருந்தால் எழுது. ஊனா கூப்பிட்டால் நான் என்ன பேசுவது?

உன் அக்கா,
சிக்னி

செல்னெஸ்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வைக்கோல் முக்கால்வாசி உள்ளே வந்தாகிவிட்டது, கெஸ்டுர் வண்டி கொண்டுவந்து உதவினான். குட்டி பிழைத்துவிட்டது, இப்போது என்னைத் தாய் என்று நினைத்துக்கொண்டு சமையலறைக்குள் வருகிறது.

அந்தப் பெண் நீதான் என்று எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். கெஸ்டுர் கொடுத்த ஏழாம் தொகுதியில், பனியில் சிக்கிய கப்பலும் ரொட்டி சுடுகிற சமையல்காரனும் வந்தார்கள். இதை முன்பே எங்கோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்து, உன் ஜனவரிக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நீ கப்பல் கதையை எப்போது படித்தாய்? மாலுமிப் புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவள் நீ. அது எனக்காக வாங்கியது. பார்சல் கட்டும்போது இரண்டு புத்தகம் மாறியிருக்கிறது. அப்படியானால் எனக்கு வந்தது உனக்காக இருந்தது. இங்கே தனக்குத்தானே யாரும் கிறிஸ்துமஸ் புத்தகம் வாங்கிக் காகிதம் சுற்றுவதில்லை, கொடுக்க ஒருவரும் இல்லை என்றால் தவிர.

இதைக் கண்டுபிடித்த அன்று முக்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அக்கா. நீ தனியாக உட்கார்ந்து என் புத்தகத்தைப் படித்து அழுதிருக்கிறாய். நான் உன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன்னையே திட்டி எழுதியிருக்கிறேன். நீ ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. உடனே உனக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஏன் அனுப்பவில்லை என்பதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஒன்பதாம் அத்தியாயம். அவள் கூப்பிடும்போது கையில் பின்னல் வைத்துக்கொள். அறிவுரை ஒன்று வாய்க்கு வரும்போதெல்லாம் பேசாமல் ஒரு வரிசை பின்னு. வேறு எதுவும் செய்ய வேண்டாம். குழந்தைக்குக் கம்பளிச் சட்டையாக இருந்தால் கம்பளியும் வீணாகாது.

தம்பி,
சோல்வி

ரெய்க்யவிக்
நவம்பர் 17

அன்புத் தம்பிக்கு,

நலம், உன் நலம் தெரிய ஆசை. உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. அதை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

போன மாதக் கடைசியில் ஊனா கூப்பிட்டாள். நான் பின்னலை எடுத்துக்கொண்டேன். குழந்தையைக் கட்டிலின் மேல்தட்டில் தூங்க வைக்கிறோம் என்றாள், ஒரு வரிசை. மாப்பிள்ளை வேலையை விடப் போகிறான் என்றாள், இரண்டு வரிசை. பால்கனிக் கம்பி ஆடுகிறது என்றாள், நிறுத்தவே முடியவில்லை. ஒரே தொலைபேசிப் பேச்சில் சட்டையின் ஒரு முழுக் கை முடிந்துவிட்டது, சோல்வி.

கடைசியில் அவளே கேட்டாள். "அம்மா, ஏன் எதுவுமே சொல்ல மாட்டேங்கற? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ பேசறதக் கேட்டுட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அட்டை போடறத நிறுத்திடாத" என்றாள். "ஸ்வாவா அத எல்லாம் குளிர்பெட்டில ஒட்டி வச்சிருக்கா." கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, கோடையில் பார்க்கலாம் என்றாள். எனக்கு வருத்தம்தான். இந்த வருடமும் நான் தனிதான். ஆனால் போன வருடத் தனிமை வேறு.

ஊனாவுக்கும் அந்தப் புத்தகம் ஒன்று அனுப்பலாம் என்று நகர நூலகத்துக்குப் போய்க் கேட்டேன், பதிப்பாளர் பெயர் குறித்துக்கொள்ளலாம் என்று. அங்கிருந்த பெண் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆட்டுக்கதையை இன்னொரு தடவை படிக்க ஆசைப்பட்டு எட்டாம் அத்தியாயத்தைத் தேடினேன். காத்திருப்பது பற்றிய ஏழாம் அத்தியாயம். அதற்குப் பிறகு சொல்லடைவு. அதற்குப் பிறகு பின்னட்டை.

"இதுல வேற பதிப்பு இருக்கா? பெரிசா?" என்று கேட்டேன்.

"ஒரே பதிப்புதான் வந்துச்சு. எதாவது குறையுதா?" என்றாள் நூலகத்துப் பெண்.

"ஒண்ணும் குறையல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து குளக்கரையில் நின்று அழுதேன், சிரித்தேன், ஒரு வாத்து பயந்து ஓடியது. அதை ஸ்வாவாவுக்கு எழுதிவிட்டேன்.

பத்தாம் அத்தியாயம் எப்போது எழுதுவாய்?

உன் அக்கா,
சிக்னி

செல்னெஸ்
டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் புத்தகத்தை ஜனவரியிலேயே முழுக்கப் படித்து முடித்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு அத்தியாயமாகத்தான் உனக்கு எழுதினேன். முன்பெல்லாம் நீ வருடத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவாய், கிறிஸ்துமஸுக்கு ஒன்று, என் பிறந்தநாளுக்கு ஒன்று. இந்தப் புத்தகம் வந்த பிறகு விமானச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தேன். முடிந்துவிட்டது என்று சொன்னால் பழையபடி இரண்டு கடிதமாகிவிடும் என்று பயமாக இருந்தது. புத்தகத்தை உனக்குத் திருப்பி அனுப்பாததும் அதனால்தான். என் முக்காலியில் வைக்கோலைவிட அதிகமாக நான் கவலைப்பட்டது இதைப் பற்றி. நம் அப்பா அம்மா போனபிறகு இந்த வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை, அக்கா. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பத்தாம் அத்தியாயம் என்னால் தனியாக எழுத முடியவில்லை. உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும். இருபத்து இரண்டாம் தேதி விமானத்தில் கெஸ்டுர் எனக்கு இடம் பிடித்திருக்கிறான். ஆடுகளை அவனும் பெட்ரீனாவும் பார்த்துக்கொள்கிறார்கள். இதைத் தொலைபேசியில் பேசி முடிவு செய்ததால் ஊர் முழுக்கத் தெரியும். கடைக்கோடிக் கிழவி உனக்கு ஒரு ஜோடிக் கையுறை கொடுத்து அனுப்புகிறாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். உள்ளே என்ன புத்தகம் என்று உனக்குத் தெரியும், ஓரமெல்லாம் கொட்டகை வாசனையும் ஒரு இடத்தில் குட்டி கடித்த தடமும் இருக்கும். இருபத்து நான்காம் தேதி ஆறு மணிக்கு முன்பு பிரிக்காதே. நான் பக்கத்தில் இருக்கப் பார்க்கிறேன். காற்று வடக்கிலிருந்து அடித்தால் விமானம் எழும்பாது, அப்படியானால் நீயே பிரித்துக்கொள். பார்சல்மேல் ஒட்டிய சீட்டில் 'சிக்னிக்கு, சோல்வியிடமிருந்து' என்று எழுதியிருக்கிறேன். அது என் கையெழுத்து.

உன் தம்பி,
சோல்வி